எனக்காகப் பார்த்த வண்டி

என் வீட்டுக்காரன் டெல்பர்ட்டும் அவன் தம்பி கார்வினும் சேர்ந்து எனக்கு ஒரு பிக்கப் வண்டி பார்த்துவிட்டு வந்தார்கள். ஓட்டப்போகிறவள் நான். அதன் பின்னால் குதிரை டிரெய்லரை மாட்டி இழுக்கப்போகிறவளும் நான். ஆனால் இஞ்சின் எது என்று முடிவு செய்தது அவர்கள் இரண்டு பேரும். என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: வெள்ளையா, சாம்பலா?

எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. இந்த மாவட்டத்தில் பதினெட்டு வருஷமாகத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அதற்கும் முன்பிருந்தே டிரெய்லர் இழுக்கிறேன். பனிக்காற்றில், பாலத்தின் மேல், பின்னால் மூன்று குதிரைகளோடு வண்டி வழுக்கியபோதுகூட ஸ்டியரிங்கை விட்டவள் இல்லை. எனக்கு இஞ்சின் பார்க்கத் தெரியாதாம், நிறம் பார்க்கத்தான் தெரியுமாம்.

எனக்கு வேண்டியது என்ன என்று அவர்களுக்குத் தெரியாமலும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் வீட்டிலிருந்து தபால் ஆபீசுக்கு நான்கு மைல் போக வேண்டும், நான்கு மைல் திரும்ப வேண்டும். சனிக்கிழமையானால் என் குதிரை ஜூனியையும் பக்கத்துப் பண்ணைக் குதிரைகள் இரண்டையும் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போக வேண்டும். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயம். அதுதான் என் பைத்தியம்.

இரண்டு வருஷமாக அந்தப் பைத்தியம் இல்லாமல் இருந்தேன். மூன்றாவது பீப்பாயில் ஜூனி சறுக்கி என் மேலேயே விழுந்தது. இடுப்பில் இரண்டு எலும்பு போனது. பதினோரு வாரம் கவசம் போட்டபடி கிடந்தேன். இந்த வசந்தத்தில்தான் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, குதிரை ஏறலாம் என்றார். அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் மாவட்டப் பந்தயம். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரைக் கொடுத்திருந்தேன். பழைய வண்டியோ கியர் பிடிக்காமல் நொண்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அறுபது மைல் மேட்டில் மூன்று குதிரைகளோடு ஏற முடியாது. புது வண்டி இல்லை என்றால் பந்தயம் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் கார்வின் விளம்பரப் புத்தகத்தை விரித்துக் காட்டினான்.

"ஆறு சிலிண்டர்தான் ரொவீனா, ஆனா டர்போ. பதினோராயிரம் பவுண்டு இழுக்கும். இங்க பாரு, போட்டிருக்கான்."

"புத்தகத்துல போட்டா ஆச்சா? உன் கல்யாணப் பத்திரிகையிலகூடத்தான் 'என்றென்றும்'னு போட்டிருந்த."

இரண்டு விவாகரத்து ஆன மனுஷன். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

"எட்டு சிலிண்டர் பெரிய வண்டி ஒண்ணு நின்னுச்சே டெல், அதப் பாக்கலையா?" என்று என் வீட்டுக்காரனைக் கேட்டேன்.

"பாத்தோம். முரட்டு வண்டி. ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு. பள்ளத்துல எறங்குனா உன் முதுகு தாங்காது."

"என் முதுகு தாங்குமான்னு என்னைக் கேட்டியா?"

"சின்ன வண்டி மெத்து மெத்துன்னு இருக்கு. தினம் ஆபீசுக்குப் போக சொகமா இருக்கும்."

சுகம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு வருஷமாக எல்லோரும் எனக்குச் சுகம் பார்த்தே என்னைச் சோபாவில் தைத்துவைத்திருந்தார்கள்.

நான் ஒன்றும் தெரியாமல் பேசவில்லை. குளிர்காலம் முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டீசல் வேண்டாம் என்று முடிவு செய்தவள் நானேதான். இழுக்கிற விஷயத்தில் டீசலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் தினம் நான்கு மைல் ஓட்டினால் அதன் புகைக்குழாய் வடிகட்டி சூடே ஆகாது, கரி அடைத்துக்கொள்ளும். எதிர்வீட்டு மேவிஸ் அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, கரியை எரிப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் ஓட்டிவிட்டு வருகிறாள், நாயை உலாத்தக் கூட்டிப்போகிற மாதிரி. எனக்கு அந்தத் தலையெழுத்து வேண்டாம்.

அந்தச் சின்ன ஆறு சிலிண்டரும் நல்ல இஞ்சின்தான், இழுத்துவிடும். கோளாறு இஞ்சினில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் வண்டியில். டிரெய்லர் பின்னால் மட்டும் தொங்குவதில்லை, கொக்கியின் மேல் அழுத்தவும் செய்யும். எங்கள் டிரெய்லர் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தும். அதோடு ஆட்கள், சேணம், வைக்கோல், தண்ணீர் எல்லாம் சேர வேண்டும். இந்த வண்டி மொத்தம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டு சொல்லும். அதை எந்தப் புத்தகத்திலும் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். எனக்கு வேண்டியது எட்டு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, கனமான அடிச்சட்டம். குடிக்கத்தான் செய்யும். குடிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். மூன்று குதிரைகளையும் ஏற்றிப் பழைய வண்டியில் மாட்டி, சமதளச் சாலையிலேயே ஊர்ந்து ஷோரூமுக்குப் போய் நிறுத்தினேன். சகோதரர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே காரில் வந்தார்கள், சாவுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

விற்பனைக்காரப் பையன் கோல்பி ஓடிவந்தான். நேராக டெல்பர்ட்டிடம் போய்க் கைகுலுக்கினான்.

"வாங்க சார். வண்டி ரெடி. மேடம், நீங்க உள்ள உக்காருங்க, காப்பி இருக்கு."

"காப்பிய நீ குடி. இந்த டிரெய்லர மாட்டி ஓட்டிப் பாக்கணும்."

"குதிரையோடவா மேடம்?"

"குதிரை டிரெய்லர்ல வேற என்ன தம்பி ஏத்துவாங்க?"

அவன் டெல்பர்ட்டைப் பார்த்தான். டெல்பர்ட் பூட்ஸைப் பார்த்தான். பெட்ரோல் நிரம்பியிருந்த அந்தச் சின்ன வண்டியில் நானே டிரெய்லரை மாட்டினேன். பின்பக்கம் பொத்தென்று குந்தியது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. மஞ்சள் சீட்டைப் படித்தேன். ஆயிரத்து நானூற்று எண்பது பவுண்டு, அதற்கு மேல் ஒரு அவுன்ஸ் கூடாது.

"கார்வின், உன் எடை என்ன?"

"எதுக்கு?"

"சொல்லு."

"இருநூத்திப் பத்து இருக்கும்."

"உன் இடது கால் மட்டுமா?"

கோல்பி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். எல்லோரையும் ஏறச் சொன்னேன். டெல்பர்ட் என் பக்கத்தில், கார்வினும் கோல்பியும் பின்னால். கோல்பி வரமாட்டேன் என்றான், நான் விடவில்லை. எதிரே தானியக் கிடங்கு. அறுவடைக் காலம், மக்காச்சோள லாரிகள் வரிசையாக எடை மேடைக்குக் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் குதிரைகளைப் பார்த்து ஒரு லாரிக்காரர் வழிவிட்டார். வண்டியின் நான்கு சக்கரங்களும் மேடையில், டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்தினேன்.

ஜன்னலுக்குள் வில்டா உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாக இந்த ஊர் தானியம் முழுவதையும் நிறுத்தவள். கிண்ணத்துச் சில்லிக் குழம்பில் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியை முக்கித் தின்றுகொண்டே ஒலிபெருக்கியில் பேசினாள்.

"ஏழாயிரத்து நானூத்தி இருவது."

"வண்டியோட சொந்த எடையும் சேத்து எவ்வளவு வரலாம் தம்பி?" என்று கோல்பியைக் கேட்டேன்.

"ஏழாயிரம்... மேடம், நான் எறங்கிக்கிறேன்."

"எறங்கு."

"ஏழாயிரத்து இருநூத்தி அறுவது," என்றாள் வில்டா.

"கார்வின், நீயும் எறங்கு."

கார்வின் இறங்கியதும் வண்டி மூச்சுவிட்டு எழுந்தது. ஒலிபெருக்கியில் வில்டா ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்: "ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவது. வாழ்த்துக்கள் கார்வின், நீ இருநூத்தித் தொண்ணூறு."

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். கார்வின் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டான். எனக்கு அப்படி ஒரு குஷி.

"ஆக, சேணம் இல்லாம, வைக்கோல் இல்லாம, ஒரு குடம் தண்ணி இல்லாம, நாங்க ரெண்டு பேர் மட்டும் போனா முப்பது பவுண்டு மிச்சம். இந்த வண்டியத்தான் எனக்குன்னு பாத்தீங்க. இவ்வளவு வருஷம் டிரெய்லர் இழுத்த மனுஷன், ஒரு சீட்டப் படிக்கத் தெரியலையா டெல்?"

அப்போதுதான் வில்டா ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏன் டெல்பர்ட், செவ்வாய்க்கிழமை போட்ட எடைச் சீட்டு தொலைஞ்சு போச்சா?"

"என்ன செவ்வாய்க்கிழமை?" என்றேன்.

"இதே வண்டியத்தான் கொண்டாந்து காலியா எடை போட்டான். போன தடவ உங்க டிரெய்லருக்குப் போட்ட எடைச் சீட்டையும் கேட்டு வாங்கி, இங்கயே உக்காந்து கூட்டிப் பாத்தானே. சரியா வரலேன்னு நான்கூடச் சொன்னேன். தெரியும்னான்."

பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மேடையிலிருந்து இறக்கி, கிடங்கின் பின்னால் சரளை மேட்டில் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்தேன். டிரெய்லருக்குள் ஜூனி பலகையை உதைத்துக்கொண்டிருந்தது.

தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறான். தாங்காது என்று நிறுத்துப் பார்த்து, கூட்டிப் பார்த்து, உறுதிசெய்துகொண்டு, அதனாலேயே அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

"கார்வினுக்குத் தெரியுமா?"

"தெரியாது. புத்தகத்துல போட்டிருந்தத நம்பிட்டான்."

"என்னால முடியாதுன்னு நெனச்சியா?"

"இல்ல. உன்னால முடியும். என்னாலதான் முடியாது."

"ஏறப்போறது நான்."

"வேலியோரம் நிக்கப்போறது நான்." அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்கு நீ மண்ணுல கெடந்தப்ப உன் காலப் புடிச்சிருந்தேன். ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிருந்தேன். நீ என்னப் பாத்து, 'டெல், என் காலு இருக்கா, தொட்டுப் பாரேன்'னு சொன்ன."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இரண்டு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டாக்டர் ஏறலாம் என்றபோது சிரித்தான். போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது உறையில் தபால்தலை ஒட்டியவனே அவன்தான்.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? உன் பயத்தச் சொல்ல ஒரு இஞ்சினா வேணும்? நான் என்ன, பூட்டி வைக்கிறதுக்கு ஆடா மாடா?"

"'ஏறாத'ன்னு சொல்லியிருந்தா நீ நின்னிருப்பியா?"

நிற்க மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் போன குளிர்காலத்தில் எத்தனை நாள் கொட்டிலில் ஜூனியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஏறுவதை நினைத்துப் பயந்து நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும். யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்றிருந்தது.

"நின்னிருப்பேன்," என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"இப்ப?"

"இப்ப நிக்க மாட்டேன். எனக்குத் தெரியாம என்னை நிறுத்தப் பாத்த. இதுக்கப்புறம் நான் வீட்டுல உக்காந்தா, என் பயத்துக்கு உக்காந்தேனா, நீ உக்கார வச்சியான்னு எனக்கே தெரியாமப் போயிடும். அந்த எட்டு சிலிண்டர எடுக்கிறேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கெளம்பறேன்."

"என்னால பாக்க முடியாது ரோ."

"பாக்காத. வண்டிக்குள்ளயே உக்காரு. ஆனா வா."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஷோரூமுக்குத் திரும்பிப் போனோம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, அவன் சரளையில் முழங்காலிட்டு, அந்தச் சின்ன வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கொக்கியின் ஊசி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. நான் உதவப் போகவில்லை. பெரிய வண்டியைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன், அவன் எழுந்து நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கைகாட்டினான்.