மணல்பெட்டியில் ஒரு வேலி

மனித குலத்தின் துயரத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும் மகத்தான பொறுப்பை, 2003ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்தத்தில் ஆனையூர் ஏற்றுக்கொண்டது. மருந்துக்கடை மாடியில் ஒரு நீலப் பெட்டி நிறைய மணலும் ஓர் அலமாரி நிறையப் பொம்மைகளுமாக, பெரியவர்களின் மனக்காயத்தை ஆற்ற டாக்டர் ஸ்ரீனிவாஸ் புறப்பட்டார். பெங்களூரில் ஒரு வாரம் பயின்று வந்தவர்.

ஜவுளிக்கடை சௌரிராஜனுக்குத் தூக்கம் போய் நெடுநாளாயிற்று. அப்பாவின் திவசத்தன்று தம்பி கோகுல்நாத்தோடு பேச்சு முற்றி, வீட்டு நடுவே சுவர் எழுப்பியவர் அவரே. கிணறு இவர் பக்கம். தம்பியின் இருமல் மட்டும் சுவர் தாண்டி வந்துகொண்டிருந்தது.

“மனசுல இருக்கிறதைப் பொம்மையா மணல்ல வைங்க சார்” என்றார், மாடியேறி வந்தவரிடம் டாக்டர்.

“வீடு கட்டவே மணல் கெடைக்கல, நீங்க வெளாடக் குடுக்கிறீங்களாக்கும்!” என்றபடி சௌரிராஜன் தனக்கு ஒரு மாட்டையும் தம்பிக்கு ஒரு குரங்கையும் நிறுத்தினார். நடுவே பிளாஸ்டிக் வேலி.

“இது உங்க உலகம். அடுத்த வாரம் வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க.”

அந்த வாரம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலையை விரித்தார், மடித்தார், விலை சொல்ல மறந்தார். டீயை வாங்கி ஆறவிட்டு, இன்னொன்று வாங்கி அதையும் ஆறவிட்டார்.

மறுவாரம் போனால், வேலி சாய்ந்து கிடந்தது. குரங்கு மாட்டை ஒட்டி நின்றது. சின்ன வயதில் தம்பியை அவர் ‘குரங்கே’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரங்கு யாரென்று அவரைத் தவிரத் தெரிந்தவன் உலகத்தில் அந்த ஒருவன்தான்.

“டாக்டர், இங்க என் தம்பி வாரானா?”

டாக்டருக்கு வேறு நோயாளியே கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்வது தொழிலுக்கு அழகா? “அதெல்லாம் ரகசியம் சார்” என்று கண்ணை மூடித் திறந்தார்.

சௌரிராஜனுக்கு அது போதும். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார்.

“மணல்ல பாத்தேன்டா. சுவத்தை இடிச்சிருவோம். கெணறு உனக்குந்தான்.”

“எந்த மணலுண்ணே?”

“நடிக்காதடா, குரங்கே!”

கோகுல்நாத் முழித்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீ சொன்னாச் சரிண்ணே” என்றான்.

மறுநாள் காலையில் கொத்தனாரிடம் சுவரை ஒப்படைத்துவிட்டு, நன்றி சொல்ல அல்வாப் பொட்டலத்தோடு மருந்துக்கடை மாடிக்குப் போனார். டாக்டர் இல்லை, ‘ஆழ்மனமும் வேலியும்’ என்று சமயநல்லூரில் சொற்பொழிவாம். கூட்டிப் பெருக்கும் ஒச்சாயிதான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, அன்னிக்குத் தூசி தட்டையில ஒங்க பொம்மையெல்லாம் சரிஞ்சு போச்சு. மாட்டையும் கொரங்கையும் தோதான எடத்துல நிப்பாட்டிட்டேன். டாக்டர்ட்டச் சொல்லிராதீக.”

சௌரிராஜன் அல்வாவை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். போகிற வழியெல்லாம், “வெரசாப் போப்பா, வெரசாப் போப்பா” என்று டிரைவரின் முதுகைத் தட்டிக்கொண்டே போனார்.

கொத்தனார் சுவரை இடித்து முடித்துவிட்டிருந்தார்.