வால்டர் கீனுக்கு ஒரு பூசை

வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நாகலூர் மாதா கோயிலில் ஒரு வெள்ளைக்காரர் பேரை வாசிப்பார்கள். "இன்றைய பூசையை வால்டர் கீன் ஐயாவின் நலனுக்காகச் சாந்தாமேரியும் மகள் அமலியும் ஒப்புக்கொடுக்கிறார்கள்" என்று உபதேசியார் ஞானசுந்தரம் சொன்னதும், எஸ்டேட் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். அமலி மட்டும் தலையைத் திருப்பிக் கோயில் வாசலைப் பார்ப்பாள். பேரைக் கேட்டு அவரே வந்து நின்றுவிட்டால்?

அவள் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பா விழுந்து செத்துப்போனார். கன்னியாஸ்திரிகள் அவளைச் சிலேட்டோடு நிறுத்திப் போட்டோ எடுத்து அமெரிக்காவில் ஒரு சங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து படிப்புச் செலவு வந்தது, நீல ஸ்வெட்டர் வந்தது, வருசத்துக்கு ஒரு கடிதமும் வந்தது. அடியில் வால்டர் கீன் என்று கையெழுத்து. பன்னிரண்டு வருசமும் அதே கையெழுத்துதான். கொடுத்த மகராசன் இவர்தான் என்று தாயும் மகளும் முடிவுகட்டிவிட்டார்கள். வேறென்ன நினைப்பார்கள், பாவம்?

அமலி அவருக்கு மாசம் ஒரு கடிதம் எழுதினாள். காப்பி பூத்துவிட்டது, மலையே மணக்கிறது, ஒரு தடவை வாருங்கள் என்று எழுதினாள். வருசக் கடிதம் வந்ததே தவிர, அவள் எழுதியதற்குப் பதில் வரவில்லை. ஏற்காடு பஸ்ஸிலிருந்து உயரமான வெள்ளைக்காரர் யார் இறங்கினாலும் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பாள். அப்பா முகம் மறந்துபோன பிள்ளை, அந்த இடத்தில் இவரை உட்காரவைத்திருந்தது.

எண்பத்தொன்பதில் அமலி டீச்சர் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருசம் எலன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரி ஜீப்பில் வந்து இறங்கினாள். அவள் பையில் இருந்தது அத்தனையும் அமலி எழுதி, சங்கத்து ஆபீஸில் கிடந்த கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

எலன் மெதுவாகத்தான் சொன்னாள். அமலியின் போட்டோவை நோட்டீஸில் அடித்துச் சங்கம் ஊரெல்லாம் பணம் திரட்டியிருக்கிறது. பேர் வெளியே தெரியக்கூடாத பெரிய முதலாளிகளும் அதே சங்கத்தில் கொட்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் ஒரு வேட்பாளரின் தேர்தல் விளம்பரத்துக்குப் போய்விட்டது. கொடுத்தவர் யார் என்று அந்த நாட்டுச் சட்டப்படி சங்கம் சொல்ல வேண்டியதில்லையாம். வால்டர் கீன்? அவர் சங்கத்து வக்கீல். கையெழுத்துகூட அவர் போட்டதில்லை, ரப்பர் ஸ்டாம்ப்.

"ரப்பர் ஸ்டாம்புக்கா சாமி இத்தன வருசம் பூசை வெச்சோம்?" என்று சாந்தாமேரி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

போட்டோவைச் சொல்லாமல் பயன்படுத்தினார்கள் என்று எழுதிக் கொடுத்தால் பணம் கொடுத்தவர்கள் பேர்களைக் கோர்ட்டில் கேட்கலாம் என்றாள் எலன். தன்னைப் படிக்கவைத்தவர் பேரும் வருமா என்று அமலி கேட்டாள். வரலாம் என்றாள். அமலி உடனே கையெழுத்துப் போட்டாள். எந்த நாட்டில் எவன் ஜெயித்தால் அவளுக்கென்ன? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பேர்.

அடுத்த வருசம் காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் எலனின் கடிதம் வந்தது. கொடுத்தவர்கள் பேரைச் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பாகிவிட்டதாம். அமலி காப்பிச் செடிகளுக்குள் போய் நின்று வாய்விட்டு அழுதாள். படிக்கவைத்தவர் கெட்டவராகவே இருந்திருக்கட்டுமே! கெட்டவருக்கும் ஒரு பேர் இருக்குமே!

கிறிஸ்துமஸ் சாயங்காலம் உபதேசியார் பூசை நோட்டோடு வீட்டுக்கு வந்தார். விஷயம் அவருக்கும் தெரியும்.

"ஏனுங்க டீச்சர், இந்த வருசம் உதவி செஞ்சவங்களுக்குன்னு பொதுவா வாசிச்சரலாங்களா?"

"வால்டர் கீன்னே வாசிங்க."

"அது வெறும் ஸ்டாம்புங்களே."

"தெரியுமுங்க. அப்பான்னு நெனச்சுக்க எனக்கு வேற பேரு யாரும் குடுக்கலீங்களே."

உபதேசியார் அந்தப் பேரையே நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் பூசையில் அந்தப் பேரை வாசித்தபோது, அமலி தலையைத் திருப்பிக் கோயில் வாசலைப் பார்த்தாள்.