கோபுரத்துக்கு எதிரே ஒரு தூக்குக்குண்டு

ஸ்லாவ்கா தன் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் கண்ணாடி, அதாவது ஸ்கோப், வாங்கப்போகிறாள் என்ற செய்தி ரவ்னா முழுக்கப் பரவ அரை நாள் பிடித்தது. அவள் எந்த ஸ்கோப்பை வாங்க வேண்டும் என்று ஊர் முடிவுசெய்ய மீதி அரை நாள் போதுமானதாக இருந்தது.

ரவ்னாவின் வேட்டைச் சங்கத்தை அங்குள்ளவர்கள் வேட்டைக் குடும்பம் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு பேர் கொண்ட அந்தக் குடும்பத்தில் ஸ்லாவ்கா ஒருத்திதான் பெண். குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது அவள் தொழில். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவள் ஒட்டிய சுவர்களுக்கு நடுவில்தான் குளித்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில், சுடத் தகுந்த கிழட்டு ஆண்மான்களை யார் யாருக்கு ஒதுக்குவது என்று தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஆறு ஆண்டுகளாகத் தொப்பி அவளைக் கண்டுகொள்ளவில்லை. இந்த ஆண்டு மேல்புல்வெளியின் ஒற்றைக்கொம்பன் அவள் பெயருக்கு வந்துவிட்டது. இடக்கொம்பு பாதியில் முறிந்த, ஊரே அடையாளம் சொல்லக்கூடிய மான் அது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மே முதல் தேதி வேட்டை தொடங்குவதற்குள், ஏப்ரலின் கடைசிச் சனிக்கிழமை நண்பகலுக்குள், ஒவ்வொரு துப்பாக்கியும் சோதனையில் தேறியாக வேண்டும். தேறாதவரின் மான் அடுத்த பெயருக்குப் போய்விடும். அந்த அடுத்த பெயர் சிரில். அவளுடைய அக்காவின் கணவர்.

சிரில் கெட்டவரல்ல. தோற்றால் மான் தனக்குத்தான் என்பதை மறைக்காமல், தோற்காமலிருக்க வழியும் சொல்லித் தருகிற மனிதர். முன்கண்ணாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, அந்தி மங்கலில் பெரிய கண்ணாடிதான் வெளிச்சத்தை அள்ளித் தரும் என்பது அவர் கட்சி. அவருடைய ஸ்கோப்பே ஊறுகாய் ஜாடி அளவுக்கு இருக்கும். ஸ்லாவ்கா கடைக்குப் போய் அந்த ரகத்தையும் கையில் வாங்கிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கண்ணாடி துப்பாக்கிக் குழல்மேல் இடிக்காமலிருக்க, ஸ்கோப்பைத் தாங்க உயரமான வளையங்கள் வேண்டும். உயரத்தில் உட்கார்ந்த ஸ்கோப்பைப் பார்க்க அவள் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பியது. தாங்கலற்ற தலை ஆடியது. சிறிய கண்ணாடியுள்ளதைத் தாழ்ந்த வளையங்களில் வைத்துப் பார்த்தபோது, கன்னம் கட்டையில் படிந்த இடத்திலேயே கண்ணுக்கு நேராக வட்டம் முழுதாகத் தெரிந்தது. அதையே வாங்கினாள். சிரில் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாடகக் கொட்டகையில கிழவிங்க மேடைய எட்டிப் பாக்க ஒரு குட்டித் தூரக்கண்ணாடி வெச்சிருப்பாங்களே, அது மாதிரி இருக்கு" என்றார் கடைசியில்.

"என் மூஞ்சிக்கு இது போதும் அத்தான்."

பொருத்தும் வேலையைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதும் தடித்த வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டாள். சட்டையோடு அளந்தால், காட்டில் கோட்டின் கனம் துப்பாக்கியை முன்னே தள்ளிவிடும், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணைத் திறந்து, வட்டத்தின் ஓரத்தில் கருநிழல் தெரிந்தால் ஸ்கோப்பை ஒரு நகக்கண் அளவு நகர்த்தினாள். இருபது தடவையாவது செய்திருப்பாள். பிறகு துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி ரசமட்டம் வைத்து நேராக்கினாள். எதிர்ச்சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்குள் தெரியும் கூட்டல் குறியின் நிற்கும் கோடு அந்த நூலோடு ஒன்றாகும் வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் மெல்லத் திருப்பினாள். திருகுகளை ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிராக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். டைல்ஸ் ஒட்டும் கைக்கு இதெல்லாம் புதிதல்ல. மறுநாளே கல்குவாரியில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்தும் முடித்தாள்.

சனிக்கிழமை சுடுகளத்துக் கொட்டகையில் காப்பியும் பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியும் தீர்ந்துகொண்டிருந்தன. சங்கத்தின் ஆயுதப் பொறுப்பாளர் ரய்முண்ட், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், எல்லாவற்றையும் பதினொன்றரை மணிக்குள் முடித்துவிடத் துடித்தார். சுடுவதற்கு முன் அவர் நடத்தும் ஒரு சடங்கு உண்டு. பிடிப்பானில் துப்பாக்கியை மட்டம் பார்த்து நிறுத்தி, ஸ்கோப் வழியாகத் தூரத்துத் தேவாலயக் கோபுரத்தைப் பார்ப்பார். கூட்டல் குறியின் நிற்கும் கோடு கோபுரத்தோடு ஒட்டி நின்றால் தலையசைத்து, "நல்ல பார்வை" என்று வேட்டைக்காரர்களின் வணக்கத்தைச் சொல்லி அனுப்புவார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். எல்லாத் துப்பாக்கிகளும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தே நேராக்கப்பட்டவை.

ஸ்லாவ்காவுடையதை அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கோடு சாஞ்சிருக்கும்மா. திருப்பி மாட்டிட்டு வா."

அவளும் குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது பொய்யல்ல. கோட்டுக்கும் கோபுரத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சாய்ந்திருந்தது எது என்பது அவளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. பக்கத்து ஊரான லிப்யேக்காரர்கள் பல காலமாக இதைச் சொல்லித்தான் கேலிசெய்துவந்தார்கள். அந்தக் கேலியாலேயே, தங்கள் கோபுரம் சாய்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ரவ்னாக்காரர் ஒருவரும் இல்லாமல் போனார்.

சிரில் அவளை ஓரமாக அழைத்துச் சென்று, இப்போதைக்குத் திருப்பி மாட்டிக்கொள், நாளைக்கு உன் இஷ்டப்படி வைத்துக்கொள் என்று காதில் சொன்னார். தனக்கு வரவேண்டிய மானைத் தானே கைவிடும் யோசனை அது. அவள் அதை மதித்தாள். ஆனால் இப்போது தளர்த்தினால் குறி கலைந்துவிடும், மறுபடி சுட்டுச் சரிசெய்ய நேரமில்லை. மணி பதினொன்று ஐந்து.

வண்டியின் பின்பக்கத்திலிருந்து தூக்குக்குண்டை எடுத்துவந்து கொட்டகையின் உத்தரத்தில் கட்டினாள். காற்றில் நூல் ஆடுவதாக ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். தீயணைப்புக்கு வைத்திருந்த வாளியை இழுத்துவந்து குண்டு தண்ணீருக்குள் அமிழும்படி வைத்தாள். நூல் அசையாமல் நின்றது. பிறகு துப்பாக்கியை அதன் பக்கம் திருப்பிவிட்டுத் தள்ளி நின்றாள்.

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கோடும் நூலும் ஒன்றாக நின்றன. தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் நூலையும் அதற்கப்பால் கோபுரத்தையும் பார்த்தார்கள். கோபுரம் இடப்பக்கமாக, யாரோ கூப்பிட்டதற்குக் காதுகொடுப்பதுபோல், தெளிவாகச் சாய்ந்திருந்தது. இது லிப்யேவுக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு முகத்திலும் எழுதியிருந்தது. ரய்முண்டின் முகம் இறுகியது. இது குளியலறைச் சுவருக்கான கயிறு, கோபுரமோ முன்னூறு வருடமாக நிற்பது, விதி விதிதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சிரில் குறுக்கிட்டார்.

"அப்போ போன நவம்பர்ல அந்தப் பன்னி தப்பிச்சுப் போனது என் தப்பு இல்ல."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என் ஸ்கோப்பும் அந்தக் கோபுரத்தப் பாத்து மாட்டுனதுதானே. கோணலா இருந்தா குண்டு எங்க போவும்? நான் அன்னிக்கே சொன்னேன், என் கை ஆடலன்னு."

பின்வரிசையில் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நரி ஞாபகம் வந்தது. இன்னொருவருக்கு ஒரே காலையில் கைவிட்டுப்போன இரண்டு மான்கள். ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் கொட்டகையில் தவறவிடப்பட்ட விலங்குகளெல்லாம் மந்தையாகத் திரும்பி வந்து, சுட்டவர்களின் மேல் பழி எதுவும் இல்லாமல் கடந்துபோயின. கோபுரத்தின் மானத்தைக் காப்பாற்ற அங்கே இப்போது ஆளில்லை.

ஸ்லாவ்காவுக்கு உண்மை தெரியும். அத்தனை சிறிய சாய்வு, அவர்கள் சுடும் தூரத்தில், குண்டை ஒரு விரல் அகலம்கூடத் தள்ளாது. பன்றியும் நரியும் வேறு காரணங்களால்தான் பிழைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லவேண்டிய நேரம் இது அல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

ரய்முண்ட் மட்டும் இன்னும் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த, அவர் முன்னால் யாரும் எடுக்காத பேச்சு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், சங்கத்தின் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய கொம்புடைய சிவப்பு மான் ஒன்று அவர் குண்டுக்குத் தப்பி நிதானமாக நடந்துபோயிருந்தது.

அவர் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு தள்ளும், ஸ்லாவ்கா?"

அவள் நூலை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"அது தூரத்தப் பொறுத்தது அண்ணே."

"நூத்தி எண்பது மீட்டர்."

"தள்ளும்" என்றாள். எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "நல்ல பார்வை" என்றார். பதினொன்று நாற்பதுக்கு அவள் சுட்ட மூன்று குண்டுகளும் உள்ளங்கை அகல வட்டத்துக்குள் விழுந்தன.

அன்று மாலையும் மறுநாளும் அவள் வீட்டு வாசலில் வண்டிகள் வந்தபடி இருந்தன. போர்வை சுற்றிய துப்பாக்கிகளோடு, வேறேதோ வேலையாக வந்தவர்களைப்போல, ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் வாளியும் நூலும் வைத்துப் பதினேழு ஸ்கோப்புகளைத் திருப்பினாள். ரய்முண்ட் கடைசியாக வந்து, லிப்யேவில் மட்டும் இதைப் பற்றி மூச்சுவிடாதே என்று கேட்டுக்கொண்டார்.

மே முதல் தேதி விடியலில் மேல்புல்வெளியின் பரணில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒற்றைக்கொம்பன் சரியான நேரத்துக்கு வந்தது. எண்பது மீட்டரில் பக்கவாட்டில் நின்றது. கூட்டல் கோடு, பின்னாலிருந்த தேவதாரு மரங்களைப் போல் நிமிர்ந்து நின்றது. அவள் விசையை மெல்ல அழுத்தாமல், ஆறு ஆண்டுப் பொறுமையையும் ஒரே நொடியில் தீர்த்துவிடுகிறவளைப்போல் சுண்டிவிட்டாள். மானுக்கு முன்னால் புல் தெறித்தது. மிரண்ட மான் ஒருமுறை நாய்போல் குரைத்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று. இறங்கிப்போய் ஒரு மணி நேரம் தேடினாள். ஒரு துளி இரத்தமோ ஒரு ரோமமோ இல்லை.

கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்கள். மானை வீழ்த்தியவர் தொப்பியில் செருகும் பச்சைக் கிளையை சிரில் முன்கூட்டியே ஒடித்து வைத்திருந்தார்.

"என்னாச்சு?"

முப்பது முகங்களும் அவள் வாயைப் பார்த்தன. கோபுரம் சன்னலுக்கு வெளியே வழக்கம்போல் சாய்ந்து நின்றது; அது அவளுக்கு உதவாது.

"நான்தான் விட்டுட்டேன் அத்தான். அவசரப்பட்டுட்டேன்."

அந்தச் சங்கத்தில் அப்படியொரு காரணத்தை அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ரய்முண்ட் எழுந்துபோய் அவளுக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றினார். சிரில் கிளையைத் தண்ணீர் வாளிக்குள் நிறுத்திவைத்தார், அடுத்த தடவை வரை வாடாமலிருக்கட்டும் என்று.