கை நனைக்காத சம்பந்தி

என் கணவர் பரமநாதன் பிடிவாதத்துக்குப் பேர்போனவர். எங்கள் மகள் கமலாசனி பன்வில தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். மருமகனுக்குக் கண்டியில் வங்கி வேலை, தங்கமான குணம். ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பெருமை விடுமா? கலியாணத்துக்கு வந்து நின்றவர், சம்பந்தி வீட்டில் மட்டும் கை நனைக்க மாட்டேன் என்றுவிட்டார். பேரனுக்குப் பேர் வைத்த அன்று காருக்குள்ளேயே இருந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தார். தேயிலைத் தோட்டத்துக்கு வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுபோன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அப்படிப்பட்டவரை வயிறு மடக்கிப் போட்டது. பெருங்குடலெல்லாம் புண். இரத்தமாகப் போனது. மருந்துக்கு மேல் மருந்து மாற்றியும் கேட்கவில்லை. கடைசியில், பெருங்குடலை வெட்டி எடுத்துவிட்டு வயிற்றில் பை பொருத்தவேண்டி வரும் என்றார்கள். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் சித்தி றலியா இன்னொரு வழி சொன்னார்.

"சேர், ஒங்கட குடலுக்குள்ள ஒரு பட்டாளமே காவல் நிக்கிது. எது எதிரி, எது நம்மட ஆள் எண்டு அதப் பழக்கி வைக்கிறது குடல்ல இருக்கிற நல்ல கிருமிகள்தான். ஒங்களுக்கு அதுகள் கொறஞ்சு போச்சு. இப்ப பட்டாளம் சொந்த வீட்டையே அடிக்கிது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார்.

"சுகதேகியான ஒராள்ட கிருமிகள உள்ளுக்கு விட்டுப் பாப்பம். எல்லாருக்கும் சரிவாறதில்ல. ஆனா பாக்காம வெட்ட எனக்கு மனமில்ல."

"எதிலை இருந்து எடுப்பியள்?" என்று இவர் கேட்டார். மலத்திலிருந்து என்று டொக்டர் சொன்னார். அப்போது இவர் முகம் போன போக்கை நான் எழுதப்போவதில்லை.

ஒருவாறு சம்மதித்தவர் ஒரு நிபந்தனை போட்டார். கொடுக்கிறவர் ஆசாரமான சைவக்காரராக இருக்கவேண்டுமாம்! கோயில் சிநேகிதர் நவரட்ணராஜா பெருந்தன்மையோடு முன்வந்தார். அவரோ தும்மினாலும் அன்ரிபயோட்டிக் போடுகிறவர். அவருடைய நல்ல கிருமிகள் எப்போதோ கைலாசம் போய்விட்டன. எனக்கு நீரிழிவு. மகள் அப்போதுதான் பல்லுக்கு அதே மருந்து எடுத்திருந்தாள். மருமகன் கடைச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்து வைத்திருந்தான்.

மிஞ்சியது சம்பந்தி அழகம்மா. கொழுந்து பறித்து, கீரையும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் தின்று உரமேறிய உடம்பு. எல்லாச் சோதனையிலும் தேறினா.

"வேண்டாம். வெட்டட்டும்," என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வெட்டின பிறகு பையைக் கழுவப்போறது ஆர்? நான்தானே!" என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இவர் மறுத்த விஷயம் பன்விலவுக்கு எட்டியிருக்கவேண்டும். அடுத்த நாளே அழகம்மா வார்டுக்கு வந்து கட்டிலருகே நின்றா.

"சம்பந்தி, எங்க வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. சரி, அது ஒங்க இஷ்டம். ஆனா ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் பேரன் தாத்தா எங்கேன்னு கேப்பான். நான் என்ன சொல்ல?" முந்தானையால் கண்ணைத் துடைத்தா. பிறகு அவவே சிரித்துவிட்டா. "நான் என்ன சோறா போடப்போறேன்? எப்பிடியும் வெளிய போற சாமான்தானே!"

பக்கத்துக் கட்டில்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவருக்கும் உதடு கோணியது.

"டொக்டரைக் கூப்பிடு," என்றார்.

ஒரே நாளில் அதிசயம் நடந்துவிடவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார்கள், மருந்தும் தொடர்ந்தது. மெல்ல மெல்ல இரத்தம் நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. வெட்டுகிற பேச்சை டொக்டர் எடுக்கவே இல்லை.

தைப்பொங்கலுக்குப் பன்விலவுக்குப் போனோம். வழக்கம்போல அழகம்மா எனக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் பேரனுக்கும் இலை போட்டா. இவருக்குப் போடவில்லை. போட்டு அவமானப்பட்டது போதுமென்று நினைத்திருப்பா. பிளாஸ்க் காருக்குள் இருந்தது.

இவர் காரை விட்டு இறங்கினார். மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து பேரனுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இலை இல்லையோ?"

அழகம்மா அகப்பையோடு திகைத்து நின்றா. "ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம் சம்பந்தி..."

"என்ன சங்கடம்? உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் இந்த வீட்டுப் பிள்ளையள்தானே. வீட்டுச் சோறு கேட்டு அழுதுகள்."

இலை எடுக்க உள்ளே ஓடிய அழகம்மா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது, புகை என்றா. அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

இத்தனை வருடமும் காரில் இவர் பட்டினியாக இருக்கிறாரே என்ற வெட்கத்தில் அந்த வீட்டுச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு எழும்பியவள் நான். அன்றைக்குத்தான் ஆறுதலாக இருந்து, இரண்டாம் தரமும் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.