எரிக்காத வடிவம்

நாட்டுப்புறக் கதைகளை ஒப்பிட்டு ஆராயும் அந்தக் காலாண்டிதழில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கணவர் பகலில் கரடி. பொழுது சாய்ந்ததும் தோலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மனிதராகிவிடுவார். அலுவலகத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. மழை நாட்களில் குடையோடு மனைவியை அழைத்துப்போக வருவார், மாடிப்படியில் யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார், தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாமியாருக்கு மட்டும் ஒரு மனக்குறை. பகல் விசேஷம் எதற்கும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. "அந்தத் தோலை அடுப்புல போட்டுட்டா முழு மனுஷனா நம்மகூடவே இருப்பாருல்ல" என்று மகளை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மகளுக்கும் உள்ளூர ஆசைதான்.

அந்தச் சமயத்தில்தான் விலங்கு மாப்பிள்ளைகளைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய நீண்ட கட்டுரை மெய்ப்புக்கு வந்தது. நாடு நாடாகக் கதைகளை அடுக்கியிருந்தார். ஊர் மாறியது, விலங்கு மாறியது. ஆனால் எல்லாவற்றிலும் மனைவி தோலை எரித்தாள், எரித்ததும் கணவன் போய்விட்டான், அவனைத் தேடியே அவள் காலம் கழிந்தது. படித்து முடித்தவள் மெய்ப்புத் தாள்களோடு எழுந்தாள். நேராக இதழாசிரியரின் அறைக்குப் போனாள்.

"எங்கேயாவது ஒருத்தி எரிக்காம விட்டிருப்பாளா சார்?"

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். "விட்டிருப்பாங்கம்மா. விட்டவங்க நிம்மதியா இருந்திருப்பாங்க. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அதான் அந்தக் கதை நம்மகிட்ட வரல."

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அம்மா தோலைச் சுருட்டி அடுப்பில் திணித்து, தீக்குச்சியைக் கிழித்துவிட்டிருந்தாள்.

"வேணாம்மா. எரிச்சா அவரு போயிடுவாரு. எல்லா நாட்டுலயும் அப்படித்தான் ஆயிருக்கு."

"யாரு சொன்னா?"

"எங்க இதழ்ல வருது. நான்தான் பிழை பார்த்தேன்."

மகளின் வேலைமேல் அம்மாவுக்கு அபார நம்பிக்கை. அவள் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தப்பாது. குச்சியை ஊதி அணைத்தாள். தோலை வெளியே இழுத்து, சாம்பலைத் தட்டி, மடியில் விரித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"கக்கத்துல கிழிஞ்சிருக்கு பாரு. இதைப் போட்டுக்கிட்டா நாலு பேர் மத்தியில நடமாடுறாரு? ஊசி எடு."

மறுநாள் அவள் நடந்ததைச் சொல்ல, கட்டுரையின் அடியில் ஆசிரியர் ஒரு வரி சேர்த்தார்: எரிக்காத வடிவம் ஒன்றும் உண்டு. அதில் பிறகு என்ன நடக்கிறது என்று பேராசிரியர் கேட்டனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை என்று பதில் போனது. அது உண்மைதான். வருஷங்கள் ஓடின, கரடிக்கும் நரை விழுந்தது. மாமியார் கறுப்பு நூல்கண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கி வந்தாள்.