ஏதிலராயினும்

கருணாகரனுக்குப் பிழைப்பு பீப்பாய்க் கம்பெனியில் தகரம் வெட்டுவது. ஆசை மேடையில் பேசுவது. திருவொற்றியூர்க் கடற்கரைக் குடிசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஒரு சங்கம் வைத்தபோது, அது எப்படி நடக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல அவனைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பான். அது அவனுக்கே தெரியும்.

கவிழ்த்த பீப்பாய் மேல் ஏறி நின்றான். “பிச்சை போடுவதல்ல நம் பணி, பிடித்துத் தூக்குவதே நம் பணி!” என்றான். கைதட்டினார்கள். “கேட்டு வந்தவரைக் கேள்வி கேளோம்!” மறுபடியும் தட்டினார்கள். அதற்கு மேல் நாக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. “யாராயினும், எவராயினும், ஏதிலராயினும் கைகொடுப்போம்!”

சங்கத்தின் தலைவி, மீன் விற்கும் குப்பம்மா, கையைத் தூக்கினாள். “ஏதிலர்னா இன்னா நைனா?”

“நமக்கு ஆகாதவங்க அக்கா.”

“அவங்களுக்குமா?”

“அவங்களுக்குந்தான்!”

உண்மையில் அவன் அப்படி எதையும் யோசித்திருக்கவில்லை. ஓசைக்கு மூன்றாவதாக ஒரு சொல் தேவைப்பட்டது. அது வாயருகே கிடந்தது, எடுத்துப் போட்டான். அவ்வளவுதான்.

சில மாதங்களில் கம்பெனியில் வேலைநிறுத்தம் வந்தது. எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருக்க, அடுத்த சந்தில் குடியிருந்த நீலமேகம் பின்பக்கக் கேட் வழியாக உள்ளே போய் வேலை செய்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். வேலைநிறுத்தம் படுத்தது. குப்பம்மாவின் தம்பி உட்படப் பலருக்கு வேலை போயிற்று. “கருங்காலி!” என்று நடுத்தெருவில் நீலமேகத்தைக் கூப்பிட்ட பிறகு, கருணாகரன் அவனிடம் பேச்சையே விட்டுவிட்டான். கருணாகரன் பேச்சை விட்ட ஒரே ஆள் நீலமேகம்தான்.

ஐப்பசியில் அடித்த புயலில் கூரைகள் பறந்தன. சங்கத்தார் வீடு வீடாகக் கீற்று வேய்ந்துகொண்டு வரும்போது, நீலமேகத்தின் மனைவி அம்மு வந்து குப்பம்மாவிடம் கேட்டாள். “எங்க வூடும் போச்சுக்கா.”

அவள் போனதும் கருணாகரன் குப்பம்மாவைத் தனியே இழுத்தான். “ஏதிலர்னா அயலூர்க்காரங்கன்னும் ஒரு அர்த்தம் கீது அக்கா.”

“அன்னிக்கு ஆகாதவங்கன்னியே?”

“அது... பொதுவா சொன்னது.”

“அவன் மூஞ்சில முழிக்க எனக்கு மட்டும் ஆசையா? பீப்பா மேல ஏறி நீ கத்தினத ஊரே கேட்டுகினு இருந்துச்சு. கீத்தத் தூக்கு.”

நீலமேகத்தின் வீட்டில் கீழே நின்று கீற்று எடுத்துக் கொடுத்தால் போதும், கொள்கையும் பிழைக்கும், கோபமும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டான். மேலே இருந்தவர்களில் ஒருவன், “இன்னா கருணா, வாய் மட்டுந்தான் மேல ஏறுமா?” என்று கேட்டுவிட்டான். ஏறினான். காலை மூங்கிலில் வைக்காமல் இரண்டு மூங்கிலுக்கு நடுவே வைத்தான். கீற்றோடு நேரே உள்ளே வந்து, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நீலமேகத்தின் எதிரே உட்கார்ந்தான்.

நீலமேகம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “கஞ்சி மேல கொட்டிச்சா?”

கணுக்கால் வீங்கிவிட்டது. ஊன்ற முடியவில்லை. நீலமேகம் குனிந்து முதுகைக் காட்டினான். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் வீடு தேரடிக்கு அப்பால். சந்தை நேரம். எந்தத் தெருவில் கருங்காலி என்று கத்தினானோ அதே தெருவில், அந்த ஆளின் முதுகில் மூட்டை மாதிரி கருணாகரன் போனான். தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கென்று வெளியே நின்றார்கள்.

கேள்வி கேளோம் என்று சொன்னவனுக்கு வாய் நிற்கவில்லை. “எதுக்குப்பா அன்னிக்கு உள்ள போனே?”

நீலமேகம் அவனை ஒரு உதறு உதறி முதுகில் மேலே ஏற்றிக்கொண்டான். “அம்முவுக்குக் கொழந்த கலைஞ்சுபோச்சு. மருந்துக்குக் கையில ஒண்ணுமில்ல.”

“சங்கத்துல கேட்டிருக்கலாமே!”

“உன் வூட்டாண்ட வந்தேன். யார்கிட்டயோ ஏழைங்களப் பத்திப் பேசிகினு இருந்தே. ரொம்ப நேரம் நின்னேன். நடுவுல பூந்து பேச வாணாம்னு திரும்பிட்டேன்.”

கட்டுப் போடுகிறவர் வீடு வரும்வரை கருணாகரன் வாயைத் திறக்கவில்லை. அவர் காலைப் பிடித்து ஒரு இழு இழுத்தபோதுதான் திறந்தான். தெருக்கோடிவரை கேட்டதாம்.

அதற்காக இரண்டு பேரும் சிநேகிதர்களாகிவிடவில்லை. நீலமேகம் உள்ளே போனது தப்பு என்றுதான் கருணாகரன் இன்னும் நினைத்தான். தன் பங்கு அதில் எவ்வளவு என்று நினைக்கும்போது மட்டும் கால் கூடுதலாக வலித்தது.

பார்க்க வந்த குப்பம்மாவிடம் கட்டிலில் கிடந்தபடி சொன்னான். “சங்கத்துக்கு இன்னொரு கொள்கை சேக்கணும் அக்கா. யாராவது என் வாசல்ல வந்து நின்னு, நான் பேச்ச நிறுத்தலன்னா, கல்லால அடிக்கலாம்.”

குப்பம்மா சிரிக்கவே இல்லை. “கல்ல நீயே பொறுக்கி வாசல்ல வச்சுடு நைனா. அவசரத்துல எங்க போயித் தேடுறது?”