மாமனார் பெயரைக் கேட்ட டேப்லெட்

கனிஷாய் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து மூன்று வருடமாகிறது. இன்றுவரை மாமனாரின் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வாசலில் நின்று, "யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டால், தொழுவத்தில் இருக்கும் நாத்தனாரைக் கூப்பிட்டுத்தான் பதில் சொல்ல வைப்பாள். புருல் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அசன்குல்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அத்-பாஷி மலைப் பக்கத்து மருமகள்கள் இப்போதெல்லாம் இந்த வழக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கனிஷாய் பார்த்தாள். புருஷன் வீட்டில் யாரையுமே அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். புருல் அவளைவிடச் சின்னவள்தான், அப்போது பதினாலு வயது. அவளுக்கும் வந்த முதல் வாரமே, கன்னம் சிவந்திருக்கிறதென்று 'ஆப்பிள்குட்டி' என்று ஒரு பெயர் வைத்துவிட்டாள். புருலுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் காட்டிக்கொண்டதில்லை.

தூர தேசத்தில், கசான் நகரத்தில், கட்டட வேலை பார்க்கும் கனிஷாயின் புருஷன், புருலின் அண்ணன் மெலிஸ், "உனக்கு ஒரு டேப்லெட் அனுப்புறேண்டி" என்று சொல்லியிருந்தான். ஒன்பதாம் வகுப்போடு புருல் படிப்பை விட்ட வருடம், அவள் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னது. டேப்லெட் போன கோடையில் வந்து சேர்ந்தது. உறையின் மேல் கனிஷாயின் பெயர் எழுதியிருந்தது. புருல் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று போனவள், இருட்டும் வரை திரும்பவில்லை.

வைஃபை பெட்டி அலமாரியின் உச்சியில் இருந்தது. மாட்ட வந்த ஆள் எல்லாவற்றையும் புருலுக்குத்தான் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பாஸ்வேர்டு எட்டு இலக்க எண். பெட்டிக்கு அடியிலேயே சின்னச் சீட்டில் அச்சடித்து ஒட்டியிருந்தது.

"ஆப்பிள்குட்டி, இது பாஸ்வேர்டு கேக்குதே. என்ன போடணும்?" என்று கனிஷாய் புது டேப்லெட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா பேரும் அவர் பொறந்த வருஷமும்."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று புருலுக்கே தெரியாது. கனிஷாயின் முகம் காதுவரை சிவந்தது. டேப்லெட்டை நீட்டினாள்.

"அப்ப நீயே போட்டுடு, கண்ணு."

புருல் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எட்டு எண்களை அழுத்தினாள்.

புதுசு என்றுதான் மெலிஸ் சொன்னான். ஆனால் அது யாரோ வைத்திருந்து விற்றது. அணைந்து எழுந்தால் போதும், வைஃபையை மறந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கனிஷாய் அதைத் தூக்கிக்கொண்டு வருவாள். "இருங்க அண்ணி, மாடு கறந்துட்டு வரேன்" என்பாள் புருல். மாடு கறந்து, கன்றைக் கட்டி, நிதானமாகக் கை கழுவி வருவாள். அதுவரை கனிஷாய் கதவோரம் நின்றுகொண்டிருப்பாள். தனக்கு வராமல் போன பொருள் இப்படியாவது தன் கைக்கு வருகிறதே என்று புருலுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதற்கு மேல் அவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததில்லை.

மார்ச் மாதம், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும் என்று செய்தி வந்தது. கனிஷாய் கல்யாணத்துக்கு முன் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். இணையத்தில் ஒரு தேர்வு எழுத வேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்கு. பத்தேகால் வரைதான் உள்ளே போகலாம்.

"மருமக வேலைக்குப் போயிட்டா இந்த வீட்டுல ரொட்டி யார் சுடுறது?" என்றாள் மாமியார் பாத்மா.

"ஆப்பிள்குட்டி சுடுவா அத்தை. நான் வந்து பாத்திரம் கழுவிடுறேன்."

"அவ சுட்ட ரொட்டிய நாய் மோந்து பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாக்குது."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பாத்மா சொன்னாள். "ஒரு தடவை எழுதிப் பாரு. கெடைச்சா போ. கெடைக்கலேன்னா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. என் இடுப்பு வலிக்கு என்னால தாங்காது."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் கனிஷாய் மாவு பிசைவாள், புருல் பக்கத்தில் உட்கார்ந்து மாதிரிக் கேள்விகளைப் படிப்பாள்.

"ஒரு புள்ள வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்க என்ன செய்வீங்க?"

"ஆப்பிள்குட்டின்னு பேர் வைப்பேன்."

"அண்ணி! சரியான பதில் சொல்லுங்க."

"அதான் சரியான பதில்."

வியாழக்கிழமை காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குல்சுன் சித்தி வீட்டில் கல்யாணத்துக்குப் போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரிக்கப் பாத்மாவும் புருலும் கிளம்பினார்கள். எட்டு மாதக் குழந்தை இருந்ததால் கனிஷாய் வரவில்லை. கதவருகே மெல்லக் கேட்டாள்.

"பத்து மணிக்கு முன்னாடி ஒரு நடை வந்துட்டுப் போறியா? இது மறந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நேத்துதானே போட்டுக் குடுத்தேன். மறக்காது அண்ணி. மறந்தா போன் பண்ணுங்க, ஓடி வரேன்."

குல்சுன் வீட்டு முற்றத்தில் கொப்பரையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பாத்மா வீட்டுக்குள்ளே வேலையாக இருந்தாள். பத்துப் பெண்கள் மாவை உருட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். புருலின் கை முழங்கைவரை மாவு. ஒன்பது நாற்பதுக்கு போன் அடித்தது.

"யாருடி அது, மாப்பிள்ளையா?" என்றாள் குல்சுன் சித்தி.

"எங்க அண்ணி."

"உன்னை விட்டுட்டு அரை மணி நேரம் இருக்க முடியாதாமா அவளுக்கு?"

"நான் மந்திரம் போட்டாத்தான் சித்தி அந்த டேப்லெட் வேலை செய்யும். அண்ணி என்னதான் படிச்சிருந்தாலும் கடைசியில இந்த வாத்தியாரம்மாகிட்டதான் வந்தாகணும்" என்று புருல் தன் மார்பைத் தட்டிக் காட்டினாள். கவுனில் மாவுக் கைத்தடம் பதிந்தது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் பேச்சுக்கு இத்தனை பேர் ஒன்றாகச் சிரித்தது அதுவே முதல் தடவை.

போன் மறுபடி அடித்தது.

"எடுடி பாவம்" என்றாள் ஒருத்தி.

"கொஞ்சம் கெஞ்சட்டும்."

மூன்றாவது தடவையும் அடித்து நின்றது. இன்னொரு தடவை அடித்தால் எடுத்துவிடலாம் என்று புருல் காத்திருந்தாள். நான்காவது அழைப்பு வரவில்லை. எண்ணெயில் போர்சோக் உப்பி மிதந்தது, சிவந்தது, யாரோ அரித்து எடுத்தார்கள். அவள் போனைப் பார்த்தபோது மணி பத்து ஐந்து. மாவுக் கையோடு எழுந்து ஓடினாள்.

பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏறி, வீட்டை அடைந்தபோது மணி பத்து இருபது.

கனிஷாய் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. டேப்லெட் எதிரே கிடந்தது.

"வந்துட்டியா? மூச்சு வாங்குதே, உக்காரு" என்றாள்.

ஒன்பதரைக்கு அது தானாக அணைந்து தானாக எழுந்ததாம். புருல் அதைக் கையில் எடுத்தாள். பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்துக்குள் அவள் அப்பாவின் பெயர் இருந்தது. அசன்குல். பக்கத்தில் 1961. கீழே சிவப்பு எழுத்தில், தவறு என்றிருந்தது.

"அஞ்சு தடவை எழுதினேன்" என்றாள் கனிஷாய். குரல் குழந்தையை எழுப்பாத அளவுக்குத்தான் இருந்தது. "வருஷம்தான் தப்போன்னு மாத்தி மாத்திப் பாத்தேன். அதுவும் ஏத்துக்கல. பேரை எழுதினதுனாலதான் இப்படி ஆச்சோ என்னவோ. எங்கம்மா அப்பவே சொல்லி அனுப்பினாங்க." சற்று நிறுத்திப் புருலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிடாதே. மாமாவுக்குத் தெரிஞ்சா அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? சொல்ல மாட்டியே?"

இப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை அப்புறம் எத்தனையோ தடவை புருல் நினைத்துப் பார்த்தாள். அது அப்பா பேரே இல்லை அண்ணி, நான் சும்மா சொன்னது என்று சொல்ல, ஒரு மூச்சு போதும்.

"சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள்.

பிறகு திரும்பி உட்கார்ந்து பெயரை அழித்துவிட்டு எட்டு எண்களை அழுத்தினாள். டேப்லெட் உடனே இணைந்தது. தேர்வுப் பக்கம் திறந்து, நுழையும் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னது.

"பாரேன், இப்ப வந்துடுச்சு" என்றாள் கனிஷாய். டேப்லெட்டின் மேல் அப்பியிருந்த மாவைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

சாயங்காலம் பாத்மா கேட்டாள். "எழுதினியா?"

"டேப்லெட் சண்டித்தனம் பண்ணிடுச்சு அத்தை."

"சரி, விடு. அதோட முடிஞ்சது."

புருலைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கப்புறம் நடந்ததுதான். எப்போதும் மாமனாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது கனிஷாய்தான். அன்று ஊற்றினாள், ஆனால் கிண்ணத்தைப் புருலிடம் நீட்டி, "நீ குடுத்துடு" என்றாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். அசன்குல், "மருமகளுக்கு என் மேல கோவமா?" என்று கேலியாகக் கேட்டபோது, அவள் தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே இருந்த சமயத்தில் புருல் முக்காலி போட்டு ஏறினாள். பெட்டியைத் திருப்பி எட்டு எண்களையும் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள். மேலே 'வைஃபை' என்று எழுதினாள். வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனாவை மூடினாள். தாளை அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கனிஷாய் பால் வாளியோடு உள்ளே வந்தாள். தாளைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். எட்டிப் பெட்டியை எடுத்துத் திருப்பினாள். மங்கிப்போன சீட்டின் எண்ணையும் தாளின் எண்ணையும் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். பெட்டியின் தூசியை ஊதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

திட்டுவாள் என்று புருல் காத்திருந்தாள். திட்டினால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கனிஷாய் மாவு பிசைந்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், தேநீர் கொதிக்கும் சமோவாரில் கரி போட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் மாமனாருக்குத் தேநீரைத் தன் கையாலேயே கொடுத்தாள். அசன்குல் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். புருலுக்குள் எதுவோ கொஞ்சம் இளகியது.

அப்போது கனிஷாய் அவள் பக்கம் திரும்பினாள்.

"புருல், ரொட்டி எடுத்துட்டு வா."

பாத்மாவின் கைக்கரண்டி பாலாடைக் கிண்ணத்திலேயே நின்றது. அசன்குல் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். அவள் சத்தமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. மீட்டர் பார்க்க வந்தவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இதோ அண்ணி" என்று புருல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரொட்டி கண்ணெதிரிலேயே மூடி வைத்திருந்தது. அவள் அதை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.